கூட்டாளி சென்றபின் எஞ்சுவது: தங்கவயலிலிருந்து ஒரு கணக்கு

நவம்பர் மாதம் எங்கள் கிளைக்கு ஓய்வூதியர்களின் மாதம். வாழ்நாள் சான்று அளிப்பதற்காக இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் முதியவர்கள் வருவார்கள். கைரேகைக் கருவியில் அவர்களுடைய விரல் பதிவது எளிதன்று. முப்பது ஆண்டுகள் பாறையைத் துளைக்கும் பொறியைப் பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருக்கும். நான்கு விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பின்னரே கருவி ஒன்றை ஏற்றுக்கொள்ளும்.

கடந்த நவம்பரில் அவ்வாறு காத்திருந்த பெரியவர் ஒருவர், சேமிப்புக் கணக்குப் புத்தகத்தின் நடுவே மடித்து வைத்திருந்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சயனைடு மலையை ஏலம் விடப் போறாங்களாம் சார். வெளிநாட்டுக் கம்பெனிகூட வரலாம்னு பேசிக்கிறாங்க. எங்க தாத்தா காலத்துல ஒரு கம்பெனி வந்துச்சு, அதுவும் போயிடுச்சு. இப்ப வர்றதும் ஒரு நாள் போயிடும். போனா நமக்கு என்ன சார் மிஞ்சும்?”

“கொஞ்சம் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா” என்று அவரை அனுப்பி வைத்தேன். அந்தப் படிப்பே இந்தக் கட்டுரை.

பெரியவரின் கேள்வி தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. வறுமை ஒழிப்பு, தூய குடிநீர், கல்வி என்று அடுக்கிச் செல்லும் அந்தப் பட்டியலின் கடைசி இலக்கு கூட்டுறவைப் பற்றியது. செல்வ நாடுகளும் ஏழை நாடுகளும் நிதியிலும் தொழில்நுட்பத்திலும் திறன் வளர்ப்பிலும் வணிகத்திலும் கைகோத்தாலன்றி மற்றப் பதினாறு இலக்குகளும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பது அதன் கருத்து. கருத்தில் குறை காண இயலாது. ஆயினும், கூட்டு வணிகக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய எவரும் முதலில் கேட்பது, கூட்டு முறியும் நாளில் எந்தச் சொத்து யாருக்கு, எந்தக் கடன் யாருக்கு என்பதையே. பெரியவரும் அதைத்தான் கேட்டார்.

என் பாட்டனார் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர். அவரும் அவருக்குப்பின் என் தந்தையாரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிலத்தடியில் வேலை பார்த்தார்கள். 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது நான் வணிகவியல் பட்டப்படிப்பை முடித்திருந்தேன். அன்று மாலை என் தந்தையார் எண் பொறித்த பித்தளை வில்லையை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆகவே, இந்தக் கணக்கை நான் முற்றிலும் வெளியாளாக இருந்து பார்க்கவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

தங்கவயலின் கதை 1880 இல் இலண்டனில் திரட்டப்பட்ட பங்கு மூலதனத்தோடு தொடங்குகிறது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனத்தின் மேலாண்மையில் பல சுரங்கக் கம்பெனிகள் இங்கே இயங்கின. முதல் சில ஆண்டுகளில் முதலீடு கரைந்ததேயன்றித் தங்கம் கிடைக்கவில்லை. முதல் போட்டவர்கள் கைவிட்டுவிடும் நிலையில், பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் சாம்பியன் தாதுப்படுகையைக் கண்டறிந்தார். அதன்பின் பங்கு வைத்திருந்தோர் ஈவுத்தொகையாகப் பெற்ற செல்வம் பெரிது. மைசூர் சமஸ்தானத்துக்குக் கிடைத்தது, எடுக்கப்பட்ட தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வீதம் உரிமத்தொகை. மண் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. மூலதனமும் பொறியும் மேலாண்மையும் அவர்களுடையவை. ஐந்து விழுக்காடு நியாயமா என்று இன்று கேட்பது எளிது. அன்று அப்படுகையைத் தோண்டும் பொருளாற்றலும் தொழில்நுட்பமும் சமஸ்தானத்திடம் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், இந்த உறவில் சமஸ்தானம் ஒரு முறை மிகத் திறமையாக நடந்துகொண்டது. அதை விரிவாகச் சொல்லலாம்.

சுரங்கம் ஆழமாக ஆக, நீரை இறைக்கவும் ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கவும் தாதுவை இடிக்கவும் ஆற்றல் தேவைப்பட்டது. அதை நீராவிப் பொறிகள் தந்தன. பொறிகளுக்கு நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து வர வேண்டும். விறகுக்குச் சுற்றுக் காடுகள் அழிய வேண்டும். இரண்டும் கட்டுப்படியாகவில்லை. அப்போது மைசூர் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயரின் அரசு, காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்துச் சுரங்கக் கம்பெனிகளுக்கு விற்பது என்று முடிவு செய்தது. திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லோட்பினியர் என்ற கனடா நாட்டுப் பொறியாளர். மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. 1902 ஜூன் 30 ஆம் நாள், சுமார் 92 மைல் தொலைவு கம்பிவழி வந்த மின்சாரம் தங்கவயலின் பொறிகளை இயக்கியது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. சேஷாத்ரி ஐயர் அதைக் காணவில்லை. முந்திய ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

இதில் ஒரு வங்கி அதிகாரியின் கண்ணுக்குப் படுவது வேறொன்று. மின்நிலையத்தின் உரிமையாளர் யார்? சமஸ்தான அரசு. வாங்குபவர் யார்? இலண்டன் கம்பெனிகள். அவை 4,000 குதிரைத்திறன் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு தொழிற்கூடத்துக்குக் கடன் கேட்டு எங்களிடம் வருபவர் கையில் நல்ல நிறுவனமொன்றின் உறுதியான கொள்முதல் ஆணை இருந்தால் விண்ணப்பத்தின் வலிமையே மாறிவிடும். மைசூர் அரசின் கையில் இருந்தது அத்தகைய ஆணை. பிற நாட்டாரின் தேவையைப் பிணையாக வைத்து, தன் மண்ணில், தன் பெயரில் ஒரு சொத்தை அது உண்டாக்கிக்கொண்டது. 1905 இல் பெங்களூருக்கும் 1908 இல் மைசூருக்கும் அதே சிவசமுத்திரத்திலிருந்து விளக்கு வந்தது. கம்பெனிகள் போய்விட்டன, சுரங்கமும் போய்விட்டது. சிவசமுத்திரம் இன்றும் மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது.

(இந்தப் பெருமையைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் எங்கள் லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில்தான் சமைத்ததாக என் பாட்டி சொல்வார்.)

கூட்டில் இருவர் மட்டுமே இருப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் மூன்றாமவர் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்பார். கோடையிலும் சுரங்கங்களுக்கு மின்சாரம் குறையாமல் வழங்க வேண்டுமாயின் காவிரி நீரைத் தேக்கி வைத்து ஒரே சீராக விட வேண்டியிருந்தது. 1911 இல் கிருஷ்ணராஜசாகர் அணையின் பணி தொடங்கியதற்குப் பாசனத்தோடு இந்த மின்தேவையும் முக்கியக் காரணம். கீழே தஞ்சை உழவர்களின் சார்பில் சென்னை மாகாண அரசு மறுப்புத் தெரிவித்தது. வழக்கும் நடுவர் தீர்ப்பும் நீண்டு, 1924 இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன் வழியே மேட்டூர் அணை 1934 இல் எழுந்தது. தங்கவயலின் பொறிக்கும் தஞ்சையின் நாற்றங்காலுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

வரவுப் பக்கத்தைப் பார்த்தோம். பற்றுப் பக்கம் எங்கள் ஊரில் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

நூறாண்டுகளுக்கும் மேலாக இங்கே வெட்டியெடுத்த தாது சுமார் 5.1 கோடி டன். அதிலிருந்து கிடைத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். வகுத்துப் பார்த்தால் ஒரு டன் பாறைக்குச் சுமார் 16 கிராம். எஞ்சிய பாறை முழுவதும் மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலில் கழுவப்பட்டு, ஊருக்கு நடுவே கொட்டப்பட்டது. அப்படிக் குவிந்த 13 மேடுகள் சுமார் 1,003 ஏக்கர் பரப்பில் கிடக்கின்றன. அவற்றில் உள்ள கழிவு ஏறத்தாழ 3.3 கோடி டன். மழைக்கால முடிவில் ஓடைகள் அவற்றைக் கீறி வகுத்திருக்கும். பங்குனி, சித்திரைக் காற்றில் அந்த வெண்துகள் பறந்து வந்து சோற்றிலும் துணியிலும் படியும். சயனைடு நாளடைவில் வெயிலில் சிதைந்துவிடும். பாறையிலேயே உள்ள ஆர்செனிக் போன்றவை அவ்வாறு மறைவதில்லை. நுண்ணிய சிலிக்காத் தூசும் மறைவதில்லை. அந்தத் தூசு நிலத்தடியில் உண்டாக்கும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய், இந்தியாவில் முதன்முதலாக ஆராயப்பட்ட இடங்களுள் கோலார் சுரங்கம் ஒன்று. என் பாட்டனார் இருமிக்கொண்டே இருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962 இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. அதற்குள் நல்ல தாது முடிந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டிய இடத்தில், டன்னுக்குச் சில கிராம் தங்கம் எடுக்க நேர்ந்தது. செழித்த காலத்து ஈவுத்தொகை இலண்டனுக்குப் போயிற்று. நலிந்த காலத்து நட்டமும் மூடும் பொறுப்பும் நம்மிடம் தங்கின. மேடுகளைச் சமன்படுத்தவும், மரம் நட்டுக் காற்றைத் தடுக்கவும், வேலையிழந்தவருக்கு வேறு தொழில் காட்டவும் தனியே ஒரு நிதி எக்காலத்திலும் ஒதுக்கி வைக்கப்படவில்லை. ஒரு கட்டடத்துக்குத் தேய்மானம் கணக்கிடத் தெரிந்த கணக்காளர்கள், ஓர் ஊருக்குத் தேய்மானம் கணக்கிட மறந்தார்கள்.

இதில் நெஞ்சை உறுத்துவது காலக்கணக்கு. சுரங்கம் மூடும் திட்டத்தை முன்கூட்டியே அளித்து, அதற்கென்று நிதிப் பிணையும் கட்ட வேண்டும் என்ற விதி, கனிமப் பாதுகாப்பு விதிகளில் 2003 இல் சேர்க்கப்பட்டது. தங்கவயல் மூடப்பட்டது 2001 இல். 2017 இல் வகுக்கப்பட்ட புதிய விதிகளில் பெரிய சுரங்கங்களுக்கு அந்தப் பிணை முதலில் ஹெக்டேருக்கு 3 இலட்சம் ரூபாயாக இருந்தது; 2021 திருத்தத்தில் அது 5 இலட்சம் ரூபாயாயிற்று. பெரும்பாலும் அது வங்கி உத்தரவாதமாகவே அளிக்கப்படுகிறது. அத்தகைய உத்தரவாதக் கோப்பு என் மேசைக்கு வரும்போதெல்லாம் கையெழுத்திடுவதற்குமுன் ஒரு நொடி சன்னலுக்கு வெளியே பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. 2015 இல் சுரங்கச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற அமைப்பும் வந்தது. உரிமத்தொகையோடு கூடுதலாக ஒரு பங்கு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவாக வேண்டும் என்பது அதன் நோக்கம். இங்கே வெட்டுவதற்குத் தங்கம் இருந்த காலத்தில் அந்தச் சட்டம் இல்லை.

பணம் போனது, கழிவு தங்கியது. அறிவு என்னவாயிற்று? இந்தக் கேள்விக்குத் தங்கவயலில் நல்ல விடைகள் உண்டு. 1964 இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் தங்கவயல் ஆலையில், ஜப்பானின் கோமாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு புல்டோசர்கள் செய்யப்பட்டன. முதலில் பாகங்களைப் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். பிறகு பாகங்களையே செய்யக் கற்றுக்கொண்டார்கள். கடன் அடைந்தால் முடிந்துபோகும். கையில் ஏறிய தொழில் மகனுக்கும் பேரனுக்கும் போகும். சுரங்கம் மூடிய பிறகும் எங்கள் கிளையில் மாதம் தவறாமல் சம்பளம் வரவாகும் கணக்குகள் பல, அந்த ஆலையை நம்பியவை.

இன்னொன்று அறிவியல் பற்றியது. 1960களில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இங்கே 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தன. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களை 1965 இல் அவை பதிவு செய்தன. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு அதையே கண்டறிந்தது. பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களிடம் கருவியும் பட்டறிவும் இருந்தன. ஆழம் அவற்றிடம் இல்லை, நம்மிடம் இருந்தது. ஏழை நாடு வெறுங்கையோடு கூட்டுக்கு வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி இக்காலத்துக் கூட்டுறவுக்கு வருவோம். செல்வ நாடுகள் தம் மொத்தத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவியாக அளிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுப்பேரவை 1970 இல் தீர்மானித்தது. 2024 இல் அந்நாடுகள் உண்மையில் அளித்தது 0.33 விழுக்காடு, தொகையாகச் சொன்னால் ஏறத்தாழ 21,200 கோடி டாலர். அதுவும் முந்திய ஆண்டைவிடக் குறைவு. டென்மார்க், லக்சம்பர்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகளே குறித்த அளவைத் தாண்டின. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020 முதல் தருவதாகச் சொன்ன வாக்கு, 2022 இல்தான் நிறைவேறியது. 2024 இல் பாக்கு நகர மாநாட்டில் அது 2035 வாக்கில் 30,000 கோடி டாலராக உயர்த்தப்படும் என்று ஒப்புக்கொண்டார்கள். தவணை தவறிய வரலாறு உள்ளவர் புதிதாகப் பெருந்தொகைக்கு வாக்குக் கொடுத்தால் நாங்கள் கோப்பில் என்ன குறிப்பு எழுதுவோம் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இந்தத் தொகைகளில் ‘உதவி’ என்ற ஒரே சொல்லுக்குள் மானியமும் கடனும் சேர்ந்தே கிடக்கின்றன. கடனாக இருந்தால் வட்டிவீதத்தோடு நின்றுவிடாமல் வேறு மூன்றையும் பார்க்க வேண்டும். தவணை தொடங்குமுன் எத்தனை ஆண்டு விடுப்பு? எந்த நாணயத்தில் திருப்ப வேண்டும்? வாங்கும் பொருளைக் கடன் கொடுத்த நாட்டிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டு உண்டா? மும்பை–ஆமதாபாத் அதிவேக இரயிலுக்கு ஜப்பான் 0.1 விழுக்காடு வட்டியில் 50 ஆண்டுக் கடன் அளித்தது. முதல் 15 ஆண்டுகள் அசல் கட்ட வேண்டியதில்லை. கேட்டவுடன் இலவசம்போலத் தோன்றும். ஆனால், இரயில் தொழில்நுட்பம் ஜப்பானுடையது என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. குறையென்று நான் சொல்லவில்லை. விலையின் ஒரு பகுதி வட்டியில் தெரியாமல் வேறிடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நாணயத்தைப் பற்றிச் சொல்ல, என் பாட்டனார் விட்டுவந்த ஊருக்கே போகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்கள் பழுப்பேறுவதும் மூட்டுகள் இறுகுவதும் அங்கே தலைமுறை நோய். அதைத் தீர்க்க ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு, ஜப்பானிய வளர்ச்சிக் கடனாக 2008 இல் 2,238.7 கோடி யென் ஒப்பந்தமாயிற்று. 2013 இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய வெளிநாட்டுக் கடனை 2005 முதல் மத்திய அரசு பெரும்பாலான மாநிலங்களுக்கு அதே நிபந்தனைகளோடு, அதே நாணய இடரோடு கைமாற்றித் தருகிறது. அதாவது, யென்னின் மதிப்பு உயர்ந்தால் அந்தச் சுமை தமிழ்நாட்டுக்கு.

கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தம் ஏற்பட்ட காலத்தில் 100 யென் சுமார் 40 ரூபாய். 2012 வாக்கில் அது 65 ரூபாயைத் தொட்டது. 2024 இல் 55 ரூபாய் அளவில் இருந்தது. 40 ரூபாய்க்கு வாங்கியதை 16 ஆண்டு கழித்து 55 ரூபாயாகத் திருப்பினால், வட்டிக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு கூடுதல் செலவு. 65 ரூபாய் இருந்தபோது எடுத்த பகுதிக்கோ இது இலாபம். ஒரே கடனில் ஒவ்வொரு தவணை எடுப்புக்கும் ஒரு தனிக் கதை. இவ்வளவும் கூட்டிப் பார்த்தாலும் உள்நாட்டுச் சந்தையில் கடன் வாங்குவதைவிட இது மலிவு என்பதே என் மதிப்பீடு. அதற்கும் மேலாக, குழாயும் நீரேற்று நிலையமும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில் இருக்கின்றன. சிவசமுத்திரத்தைப் போல, கூட்டாளி போனாலும் நிற்கும் சொத்து.

எல்லா நாடுகளுக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை. அயல்நாட்டுச் சந்தையில் உயர்ந்த வட்டிக்குக் கடன்பத்திரம் விற்று, டாலர் வருவாய் போதாமல் 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைத்ததையும், அதைத் தொடர்ந்து அங்கே எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றதையும் நாம் அருகிலிருந்து பார்த்தோம்.

தங்கவயலுக்கு நெருங்கிய உறவுள்ள இன்னோர் எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. நிலக்கரியிலிருந்து விடுபடும் முயற்சியில் அந்நாட்டுக்கு 850 கோடி டாலர் திரட்டித் தருவதாக பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை 2021 இல் ஒப்புக்கொண்டன. வேலையிழப்போருக்கு மாற்று வழி உண்டாக்குவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2001 இல் இப்படியொரு சொல்லை எவரும் எங்களிடம் சொன்னதில்லை. ஆயினும், அத்தொகையில் மானியம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மற்றவை பெரும்பாலும் கடனும் முதலீடும் பிணையுறுதியும். 2022 அக்டோபரில் மூடப்பட்ட கொமாட்டி அனல்மின் நிலையத்தை மாற்றியமைக்க உலக வங்கி வழி ஒப்புதலான 49.7 கோடி டாலரில் 43.95 கோடி வழக்கமான கடன், 4.75 கோடி சலுகைக் கடன், மானியம் 1 கோடி மட்டுமே. நிலையம் மூடிய பின்னரே பணம் வந்தது, ஊரார் ஆயத்தமாகவில்லை என்ற குறையும் எழுந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்கா அந்தக் கூட்டிலிருந்து விலகிக்கொண்டது. கூட்டாளி நடுவழியில் எழுந்து போனால் என்ன ஆகும் என்ற விதியை அந்த உடன்பாட்டில் எவ்வளவு அழுத்தமாக எழுதியிருந்தார்கள் என்பதே இனி மற்ற நாடுகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நாமும் இப்போது வாங்கும் பக்கத்தில் மட்டும் இல்லை. 1964 முதல் நம் அரசு வளரும் நாடுகளின் அலுவலர்களுக்கும் தொழில்நுட்பவியலாளருக்கும் இந்தியாவில் பயிற்சி அளித்து வருகிறது. பெமல் பிறந்த அதே ஆண்டு. உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவான பன்னாட்டு வளர்ச்சிச் சங்கத்தில் நெடுங்காலம் பெருங்கடனாளியாக இருந்த இந்தியா, 2014 இல் அந்த வரிசையிலிருந்து விலகியது. இன்று அதற்கு நிதி வழங்கும் நாடுகளுள் ஒன்று. ஏற்றுமதி-இறக்குமதி வங்கி வழியாக ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கு நாம் அளிக்கும் கடன்வரிகளிலும் இந்தியப் பொருள்களை வாங்க வேண்டும் என்ற கட்டு உண்டு. ஜப்பானிடம் நாம் பார்த்ததை இன்னொருவர் நம்மிடம் பார்க்கிறார்.

பெரியவரின் செய்தித்தாள் துண்டுக்குத் திரும்புவோம். தங்கவயலுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரலாம் என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 ஜூனில் கழிவு மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. அக்காலத்து முறையில் எடுக்க முடியாமல் போன தங்கம் அந்த மேடுகளில் இன்னும் உண்டு; மதிப்பீடு சுமார் 23 டன். 3.3 கோடி டன் மண்ணில் 23 டன் என்றால் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. தங்கம் விலை ஏறியிருக்கும் இந்நாளில் அதுவும் இலாபமே. ஒரு கிராமுக்காக ஒரு டன் மண்ணை மீண்டும் கரைத்து, கழுவி, மீண்டும் எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும்.

ஏலம் எடுப்பவர் எந்த நாட்டவர் என்பதைவிட, நான் அந்த ஆவணத்தில் தேடுவது சில வரிகளை. இரண்டாம் முறை கழுவிய கழிவு எங்கே, எந்த அடித்தளத்தின்மேல் சேரும்? காலியாகும் ஆயிரம் ஏக்கர் நிலம் யார் பெயரில் வரும்? மூடும் செலவுக்கான தொகை முதல் நாளிலேயே தனிக்கணக்கில் கட்டப்படுமா, இலாபம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுமா? வேலைக்கு எடுக்கும் உள்ளூர் இளைஞருக்கு அந்தத் தொழில் கைவருமா, கூலி மட்டும் வருமா? இன்று அவர்களிற் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூருக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

டிசம்பரில் அந்தப் பெரியவர் தம் பேத்தியின் கல்விக் கடன் விண்ணப்பத்தோடு மீண்டும் வந்தார். நான் படித்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். சிவசமுத்திரம் வரை பொறுமையாகக் கேட்டார். மூடுவதற்குத் தனிக்கணக்கு என்று சொன்ன இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அந்தக் கணக்கு எந்த ஊர் பிராஞ்சுல இருக்கும் சார்?”

அது அரசும் எடுப்பவரும் முடிவு செய்வது என்றேன்.

“இங்கயே இருந்தா நல்லது. வாரா வாரம் வந்து எவ்வளவு இருக்குன்னு கேட்டுட்டுப் போலாம்” என்று சொல்லிவிட்டு, பேத்தியின் விண்ணப்பத்தில் பிணை நிற்பவர் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.